டீசல் பக்கத்து ஆள்

அதோ, வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு, கார்க்காரம்மாகிட்ட பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறானே, அவன்தான் லுத்ஃபி. ரொம்ப உத்துப் பாக்காதீங்க ஹாஜியார், பொண்ணு வீட்டு ஆள்னு மோப்பம் புடிச்சிருவான். இப்படி லாரி மறைவுல உக்காருங்க.

சேச்சே, இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு? பொண்ணைக் குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வேலை பாக்கற எடத்துல விசாரிக்கத்தான் செய்வாங்க. நக்லாவுக்குத் தாய்மாமான்னு சொன்னீங்க, போர்ட் சயீதுலேருந்து இதுக்குன்னே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. சரியான ஆளைத்தான் புடிச்சீங்க. ஆறு வருசமா இதே பங்க்ல அவன் பெட்ரோல் பக்கம், நான் டீசல் பக்கம்.

அவனைப் பத்தித்தான் சொல்ல வர்றேன், இருங்க. முதல்ல அந்த விலைப் பலகையைப் பாருங்க. ரெண்டும் ஒரே கச்சா எண்ணெயிலதான் வருது, ஒரே ஆலையிலதான் பிரிக்கறாங்க. அப்புறம் டீசல் மட்டும் ஏன் மட்டமா நிக்குது? அட, தெரியுமா உங்களுக்கு! ஆமா, அதேதான். ரொட்டிக்கடை மாவு லாரி, மினிபஸ்ஸு, வயக்காட்டு மோட்டாரு, எல்லாம் குடிக்கறது டீசல். டீசல் ஏறுனா மறுநாளே தக்காளி ஏறும், ஜனங்க தெருவுக்கு வந்துரும். அதனால சர்க்காரு டீசலை அமுக்கியே வெச்சிருக்கு. பெட்ரோல் போடறவன் சொந்தக் கார்ல ஏசி போட்டு உக்காந்திருக்கறவன், அவன் குடுப்பான்னு விட்டுட்டாங்க.

எங்க சித்தப்பா பையன் மிலான்ல இருக்கான். அங்க வேற வரியாம், வேற கணக்காம். குளிர் வந்தா வீட்டைச் சூடாக்கவும் அதே மாதிரி எண்ணெய்தான் வேணுமாம், சில வருசம் டீசல் பெட்ரோலைத் தாண்டிப் போயிருமாம். அதைக் கேட்டதும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

சிரிக்காதீங்க. மினிபஸ் டிரைவர்கிட்ட காலைலேருந்து நான் வாங்கறது வசவுதான். லுத்ஃபிக்குக் கார்க் கண்ணாடி இறங்குனா வாசனை, நன்றிப்பா, இந்தா வெச்சுக்கோ. பெட்ரோல் கையில பட்டா ஊதுனாப் பறந்துரும். டீசல் பட்டா சோப்பு தேஞ்சாலும் போகாது. பொறாமையா? ஆமா, பொறாமைதான். ஒளிச்சு என்ன ஆகப் போகுது? அவன் தலை சீவிக்கிட்டு வர்றதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சிகரெட்டா? பங்க்ல எவன் குடிப்பான்? வெளியில எப்பயாவது ஒண்ணு. பொம்பளைங்களா... அதான் பாக்கறீங்களே. அந்தம்மா போய் ரெண்டு நிமிசமாச்சு, இன்னும் சிரிச்சு முடியலை. எல்லாருகிட்டயும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தப்புறம் அந்தச் சிரிப்புல மிச்சம் இருக்குமான்னு நான் எப்படிச் சொல்றது?

எங்க எழுந்துட்டீங்க? வேணாம்னு முடிவே பண்ணிட்டீங்களா? உக்காருங்க ஹாஜியார். உக்காருங்கன்னா. நான் பேசுனது சரியில்லை. இன்னொண்ணு கேட்டுட்டுப் போங்க.

போன குளிர்காலம், மத்தியானம் அவன் லுஹர் தொழப் போயிருந்தான். பெட்ரோல் பக்கம் நான் போய் நின்னேன். ஒரு பிக்கப் வந்துச்சு. டீசல் வண்டி, எடம் மாறி நின்னுருச்சு. நான் ஒரு வார்த்தை கேக்கலை, பெட்ரோலைப் போட்டு ரொப்பிட்டேன். தெருமுனை தாண்டலை, இஞ்சின் செத்துப்போச்சு. அந்தாளு கூட்டத்தோட வந்து நிக்கறான். முதலாளி, எவன்டா போட்டதுன்னு கத்தறாரு. நான் நைசா டீசல் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். லுத்ஃபி தொழுதுட்டு முகத்துல ஈரத்தோட வர்றான், என்னைப் பாத்தான், என் பக்கம்தான் முதலாளி, என் கைதான்னுட்டான். மூணு வாரம் வேலைக்கு வராதேன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து ஒருநாளாவது சொல்லிக் காட்டியிருக்கானா? இல்லை. அதுக்கும் எனக்கு அவன்மேல ஆத்திரம்தான்.

நான் ஏன் கேக்காமப் போட்டேனா? அன்னைக்குப் புத்தி என்கிட்ட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு வீட்டுக்குப் பொண்ணு கேட்டுப் போயிருந்தேன். சம்மதம்னா சர்பத் வரும் இல்லையா? எங்களுக்கு டீ வந்துச்சு. லுத்ஃபிக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேணாம்.

கிளம்புங்க, வண்டிக்கு நேரமாச்சு. தங்கமான பையன், தாராளமாக் குடுக்கலாம்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லிராதீங்க. ஹம்தின்னா அந்த வீட்டுல தெரியும், டீ குடிச்சுட்டு வந்தவன்.