அவசரம் ஏறாத படகு

அக்கா,

லிஃப்ட் வரும்வரை நின்றுகொண்டிருப்பதுகூட எனக்குப் பிடிக்காது. நான்கு மாடி என்றாலும் படியேறிவிடுவேன். இது ஒரு குணம், அவ்வளவுதான். இதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். உங்கள் தங்கை இருந்திருந்தால் "ஆரம்பிச்சுட்டார்" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

கையில் வைத்து ஆடும் கருவிகளுக்குச் சாகச ஆட்டங்கள் செய்வது எங்கள் தொழில். நாங்கள் செய்த ஆட்டத்தின் முதல் பாகத்துக்குக் கதையும் வசனமும் உங்கள் தங்கை எழுதியவை. ஒரு சிறுமி, ஏழு தீவுகள், கூடவே வரும் ஒரு நொண்டிக் கழுதை. கழுதையின் பெயர் அவசரம். உலகத்திலேயே மெதுவாக நடக்கும் பிராணிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, இரண்டு நாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

நான்காம் தீவில் ஒரு சின்னப் படகு வரும். அதில் கழுதை ஏறாது. அதைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆடுபவர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுமி கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். இருபத்திரண்டு வினாடி. நடுவில் விரலை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் திரையில் ஒரே ஒரு வரி வரும்: "போயிட்டு வரேன்."

அவள் திரும்பி வரவே மாட்டாளே, பிறகு ஏன் இந்தப் பொய் என்று நான் கேட்டேன்.

"யாராவது 'போறேன்'னு சொல்லிட்டுப் போவாங்களா? திரும்பி வராதவங்களும் அதைத்தாங்க சொல்லணும்" என்றாள்.

அழகான வரிதான். ஆனால் ஆடத் தொடங்கிய நூறு பேரில் நாற்பத்தொரு பேர் அந்தக் கரையிலேயே கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள். மறுபடி எடுக்கவே இல்லை. அதனால்தான் இரண்டாம் பாகத்தை என்னிடம் கொடுத்தார்கள். அலுவலகத்தில் எனக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர். எங்கே சுருக்கம் இருந்தாலும் தேய்த்துவிடுவேன்.

என் முறை எளிமையானது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் புதிதாக ஆடுபவர்கள். கையில் வினாடி கடிகாரம். ஆடுபவரின் விரல் நான்கு வினாடிக்கு மேல் சும்மா இருந்தால், அல்லது அவர் பெருமூச்சு விட்டால், அந்த இடத்துக்கு நேரே 'தே' என்று எழுதுவேன். தேக்கம். சாயங்காலத்துக்குள் எத்தனை தேக்கம் என்று பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். முதல் பாகத்தில் காற்று வீசும்வரை படகுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் விசில் அடித்தால் படகு வந்துவிடும். பை நிறைந்து போவதில்லை. தொலைந்து போகும் இடத்தில் வரைபடம் தானாக விரியும். எங்கே விட்டீர்களோ அங்கிருந்தே தொடரலாம்.

கழுதை படகில் ஏறிவிடும். அதோடு தபாலும் சுமந்து வரும். உங்கள் நண்பர் தன் கருவியிலிருந்து அனுப்பும் கடிதத்தை அது நொண்டிக்கொண்டு கொண்டுவந்து கொடுக்கும். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும். முதல் பாகத்தின் குறைகளை எல்லாம் களைந்துவிட்டார்கள் என்று, வெளிவருமுன் சோதித்துப் பார்த்த எல்லோரும் எழுதினார்கள். உங்கள் தங்கை மட்டும் ஆடிப் பார்த்துவிட்டு, "கழுதை ஏறிடுச்சுன்னா அப்புறம் அந்தக் கரை எதுக்குங்க?" என்று கேட்டாள். நான் அந்தக் கேள்வியைக் குறித்துவைக்கவில்லை. அவள் அப்போதே அடிக்கடி சோர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் மாடி வார்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல், கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த அட்டை. உங்களுக்குத் தெரியாதது, முதல் வாரத்தில் நான் எங்கள் வாண்டை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனது. அவளுக்கு ஒன்பது வயது. அந்த வயதுக்கு நிறையப் பேசுவாள். அன்றைக்குப் பேசவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள். நாற்பது நிமிடம். கிளம்பும் நேரத்தில் விரலை விடவில்லை. நர்ஸ் வந்து, "விடு கண்ணு, அம்மாவுக்கு வலிக்கும்ல" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

என் தொழில் கண்ணுக்கு அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. நான் அவளை அந்தக் கரைக்கு மறுபடி கூட்டிக்கொண்டு போகவில்லை.

உங்கள் தங்கை தினமும் கேட்டாள். பரீட்சை என்றேன். சளி என்றேன். நாளைக்கு என்றேன். ஒவ்வொரு காரணமும் ஒரு நாளைக்குத்தான் தாங்கியது. மறுநாள் கதவு திறந்ததும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவள் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, கேள்வியே எழாதபடி ஒரு பதிலைச் சொன்னேன்.

"அவ வரமாட்டேங்குறா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

"பயந்துட்டா போல. பாவம். கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு இருந்த பதினாறு நாளும் அவள் கதவைப் பார்க்கவே இல்லை. வாண்டு அந்தப் பதினாறு நாளும் காலையில் எழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, "இன்னைக்காவது போலாமாப்பா?" என்று வாசலில் நின்றாள். இருவரையும் தனித்தனியாக நான் சமாளித்தேன். எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

அவள் போன அன்று பள்ளிக்கூட விடுமுறை தொடங்கி மூன்றாம் நாள். வாண்டை என் அலுவலகத் தோழி வீட்டில் விட்டிருந்தேன், வெளிவராத இரண்டாம் பாகத்தைக் கையில் கொடுத்து. நீங்கள் விமானம் பிடித்து வந்து இறங்கியபோது, அவளுக்கு எல்லாம் தெரியும், அம்மா பேச்சை எடுத்தால் உடைந்துபோவாள், எடுக்காதீர்கள் என்றேன். நீங்கள் என் பேச்சை நம்பி, அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைக்கக் குளியலறைக்குப் போனீர்கள். பெரியம்மாவுக்கு ஜலதோஷம் என்று நான் அவளிடம் சொன்னேன். உங்களை அப்படிப் பயன்படுத்தியதற்கு வருத்தப்படுகிறேன்.

அம்மாவை வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே போன் பேசக்கூடாது, ஆனால் கடிதம் அனுப்பலாம் என்று வாண்டிடம் சொல்லியிருந்தேன். அவசரம் கடிதம் கொண்டுவர ஆரம்பித்தது. ஒன்பது கடிதங்கள். உங்கள் தங்கையின் வசனங்களைப் பத்து வருடம் படித்தவன் நான். அவள் எங்கே கிண்டல் செய்வாள், எங்கே நிறுத்துவாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதம் எழுதும்போதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அழுதுகொண்டேதான் எழுதினேன், அக்கா. அந்த ஐந்து வாரம் எனக்கும் அவள் சாகவில்லை.

வாண்டு நன்றாகச் சாப்பிட்டாள். ஓடியாடினாள். கழுதை வரும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவாள். நான் ஒரு 'தே' கூட எழுதவில்லை.

ஒன்பதாவது கடிதத்தில் பிழை செய்தேன். விடுமுறை முடியப் போகிறது, பள்ளிக்கூடத்தில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் கடிதங்களை மெல்லக் குறைத்து, அவளுக்கே தெரியாமல் நிறுத்திவிடலாம் என்பது என் திட்டம். அதனால் அந்தக் கடிதத்தை, கொஞ்ச நாள் எழுத முடியாது என்று சொல்லி, அம்மாவின் வரியாலேயே முடித்தேன். போயிட்டு வரேன்.

காலை எட்டு மணி. நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வாண்டு கருவியோடு வந்து நின்றாள்.

"இது அம்மா எழுதல."

"ஏன்டா அப்படிச் சொல்ற?"

"அம்மா என்கிட்ட 'போயிட்டு வரேன்' சொல்லமாட்டா. அது கழுதைகிட்ட சொல்றது. அப்படிச் சொன்னா வரவே மாட்டாங்க. அந்தக் கரையில நான் அன்னைக்கு அழுதேன்ல, அப்ப சத்தியம் பண்ணியிருக்கா. கடைக்குப் போனாக்கூட 'இதோ வந்துட்டேன்'னுதான் சொல்வா."

எனக்கு அது தெரியாது. யோசித்துப் பார்த்தால், வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் உங்கள் தங்கை வாசலில் நின்று "இதோ வந்துட்டேன்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போகும்போதும். ஆம்புலன்ஸில் ஏறும்போதும். என் காதில் அது விழுந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

"அம்மா எங்கப்பா?"

நான்கு வினாடிக்குள் ஒரு பதில் கொடுத்திருக்க வேண்டும். நான்கும் கடந்துவிட்டன. பிறகு சொன்னேன்.

அவள் அழவில்லை. எப்போது என்று கேட்டாள். முப்பத்து நான்கு நாள் ஆயிற்று என்றேன். விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"ஆறாவது தீவுல இருந்த."

"ஆமா. ஜெயிச்சேன்" என்றாள்.

அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அம்மாவின் குரல் இருக்கிறது, கேட்கிறாயா என்றேன். இது உங்களுக்கும் புதிது. கடைசி வாரத்தில் உங்கள் தங்கை நர்ஸிடம் போனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாண்டுக்கென்று பேசி வைத்திருந்தாள். மொத்தம் பதினொரு நிமிடம். அதில் பேச்சு கொஞ்சம்தான். மூச்சு வாங்குவது, இருமுவது, யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவது, நீண்ட மௌனங்கள். நடுநடுவே "வாண்டு", மறுபடியும் "வாண்டு". பத்தொன்பது தடவை, நான் எண்ணினேன். எந்தக் குழந்தையாலும் அதை உட்கார்ந்து கேட்க முடியாது. அலுவலகத்தில் ஆட்டத்துக்கு ஒலி வெட்டும் மேசையில் உட்கார்ந்து, அதைச் சீர்செய்தேன். மூச்சை எடுத்தேன், மௌனத்தை எடுத்தேன், ஒரு "வாண்டு"வை மட்டும் வைத்துக்கொண்டேன். நாற்பது வினாடி வந்தது. தெளிவாக, தெம்பாக, ஆரோக்கியமாகப் பேசுவது போல இருந்தது. எனக்கே ஆறுதலாக இருந்தது.

வாண்டு மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மா இவ்வளவு வேகமா பேசமாட்டா. மிச்சம் எங்கப்பா?"

மிச்சத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை, அக்கா. எடுத்ததை வைத்துக்கொள்வது எங்கள் வேலையில் வழக்கம் இல்லை. வைத்திருந்தால் யாராவது திரும்பச் சேர்த்துவிடுவார்கள். இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் அம்மாவின் போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உங்களோடு கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதுதான் நடந்தது. செய்ததெல்லாம் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அவள் வளர்ந்து கேட்கும்போது இதை அவளிடம் கொடுப்பேன் என்று போனில் சொன்னீர்கள். கொடுங்கள், அவளுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, வாண்டு வரமாட்டேன் என்கிறாள் என்று நான் உங்கள் தங்கையிடம் சொன்னேனே, அந்த இடத்துக்கு வந்தால் அவள் நின்றுவிடுவாள். அதைத் தாண்டி அவளால் படிக்க முடியாது. யோசித்துப் பார்த்தேன், அது இல்லாமலும் மற்றதெல்லாம் புரிகிறது.

அதனால் இதோடு இன்னொரு பிரதியும் வைத்திருக்கிறேன், அந்தப் பகுதி இல்லாமல். அதைக் கொடுங்கள். படிக்க நான்கு நிமிடம்கூட ஆகாது.