ஜாபேஸ் பின்னக்கின் கரண்டி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, லண்டனின் லாம்பெத் தெருக்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! இந்த இரங்கல் கூட்டத்தில் அழுது பேசத் தெரிந்தவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நான் சைலஸ் க்ரம்ப், இந்த ஆஸ்பத்திரிப் பணியாள். ஜாபேஸ் பின்னக்கை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, ரத்தம் சூடேறுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை என்ன தெரியுமா? அறுவைக்கூடத்து மணி அடித்தால் நான்கு பேர் ஓடுவோம். நோயாளியை அமுக்கிப் பிடிப்போம். நான் இடது கால், ஜாபேஸ் வலது தோள். பதினோரு ஆண்டுகள். கத்தி இறங்கும்போது நோயாளியின் காதருகே குனிந்து பேசியவர் யார்? ஜாபேஸ். "இன்னும் கொஞ்சம்தான் தாயி. என்னைத் திட்டு, நல்லா திட்டு" என்பார். திட்டினார்கள். லாம்பெத்தில் அவரைத் திட்டாத வீடு இல்லை.

பிறகு ஈதர் என்ற மயக்க மருந்து வந்தது. அன்றும் மணி அடித்தது, ஓடினோம். "ஓரமா நில்லுங்க" என்றார் அறுவை மருத்துவர். ஒரு வண்டியோட்டியின் காலை எடுத்தார்கள். மனிதர் குறட்டை விட்டார்!

"ஜாபேஸ், நம்ம பொழப்புல மண்ணு விழுந்துச்சு" என்றேன்.

தேம்பிக்கொண்டே சிரித்தார். "விழட்டும்டா சைலஸ். நல்லா விழட்டும்."

மறுநாளே நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நின்றார். மயக்கம் அளவு மீறினால் முதலில் எச்சரித்தது அந்த விரல்தான்.

இந்தக் கோடையில் காலரா வந்தது. கெட்ட காற்று என்றார்கள் பெரியவர்கள். நானும் அதையே சொன்னேன், மறைப்பானேன்? தண்ணீர்தான் என்றார் நம் ஆஸ்பத்திரி டாக்டர் டன்னிங். ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள். ஒன்று ஆற்றின் மேற்பகுதியில் இறைக்கிறது. மற்றது கீழே, சாக்கடை கலந்து கடல்நீரும் ஏறிவரும் இடத்தில். எந்த வீட்டில் எந்தத் தண்ணீர்? குடியிருப்பவர்களுக்கே தெரியாது, கம்பெனியோடு பேசுவது வீட்டு உரிமையாளர். கேட்கப் போன டாக்டரின் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். பிணத்தை அறுக்க ஆள் வந்துவிட்டதென்று பயம்.

ஜாபேஸ் போனார். முதல் வீடு, இதோ முன்வரிசையில் மரக்காலோடு அமர்ந்திருக்கும் ஹெப் அம்மாள் வீடு. ஈதருக்கு முந்திய காலத்தில் காலை இழந்தவர். அந்த வாரம்தான் கணவரைப் புதைத்திருந்தார்.

"யாரது?"

"ஜாபேஸ், தாயி. உன் தோளைப் பிடிச்சவன்."

"பாவி மனுஷா, அந்த வலி இன்னும் போகல. உள்ள வா, கெட்டில் கொதிக்குது."

ஒரு பெரிய கரண்டித் தண்ணீரை அடுப்பில் வற்றவைத்தார் ஜாபேஸ். அடியில் படிந்ததை நாக்கில் வைத்தார். உப்பு, அதாவது ஆற்றின் கீழ்ப்பகுதித் தண்ணீர். பக்கத்து வீட்டிலும் வற்றவைத்தார். உப்பும் இல்லை, சாவும் இல்லை. நடுவில் ஒரே சுவர். இரு பக்கமும் ஒரே காற்று!

"கரண்டியால காலராவை அள்ளப் போறியா?" என்று கேலி செய்தேன்.

"அள்ள வேணாம்டா. எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா போதும்."

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஏறி இறங்கினார். சாவு விழுந்த எழுபத்தொரு வீடுகளில் அறுபத்தாறில் உப்பு. அவர் கணக்கெழுதிய நோட்டை டாக்டர் வாசித்த பிறகு நான் கேலி செய்யவில்லை. வெட்கப்படுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, பதினேழாம் எண் வீட்டு வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. கையில் கரண்டி. முதுகுக்குப் பின்னால் தட்டப்படாத கதவு.

அந்தக் கதவை நாளை நான் தட்டுவேன் என்று சபதம் செய்யவே இங்கே வந்தேன். ஆனால் மேடையேறும் முன் ஹெப் அம்மாள் என்னை மறித்தார். அவர் கையில் ஜாபேஸின் கரண்டி.

"நீ பேச்சைத் தயார் பண்ணிக்கிட்டே இரு சைலஸ். அந்த வீட்டை நான் காலையிலயே பாத்துட்டேன். உப்பு. மூணு சின்னப் பிள்ளைங்க. பதினாறாம் வீட்டுல உப்பில்ல, அந்தத் தண்ணியப் புடிச்சுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஆகவே, சபையோரே, சபதத்தை மாற்றிக்கொள்கிறேன். பதினெட்டாம் எண் வீட்டுக் கதவை நான் தட்டுகிறேன். உங்கள் வீட்டில் கரண்டி இருந்தால் நாளைக் காலை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.