இளநீர் குடித்த செடி

அறுபதுகளில் ஒரு மழைக்கால மாலை. செம்பூரிலிருந்து மாதுங்கா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

“அதுக்கு இளநீர்தான்டி ஆகாரம்” என்றாள் அவள். நான் புத்தகத்தை மூடினேன்.

“குழந்தைக்கா?” என்றாள் தோழி.

“செடிக்கு. மலையிலேருந்து கொண்டுவந்த மூலிகை. தேடிப் பார்த்தும் இன்னொண்ணு கிடைக்கலை. இந்த மழையில அதுவும் அழுகிப் போயிடுத்து.”

“அப்புறம்?”

“அதுக்கு முன்னாடியே அதோட தண்டைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, இளநீரும் சர்க்கரையும் கலந்து பாட்டில்கள்ல வெச்சிருந்தோம். எல்லாத்துலயும் பூஞ்சணம் பூத்துடுத்து. ஒண்ணுதான் தப்பிச்சது. வேர் இல்லை, இலை இல்லை, அந்தத் துண்டு குழைஞ்ச சாதம் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டியா ஆயிருந்தது. இன்னிக்குக் காலம்பற பார்க்கறேன், அதுல பச்சையா கடுகளவு இலை! ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிண்டு வந்து காட்டினேன்.”

தோழி அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள். “தாய்ச்செடி போயிடுத்தே, பாவம். இது அதோட குழந்தையா?”

“குழந்தை இல்லைடி. செத்துப்போச்சுன்னு நினைச்சோமே, அதேதான் இது.”

மாதுங்கா வந்துவிட்டது. கண்டக்டர் “உத்ரோ, உத்ரோ” என்று இறங்கச் சொல்லிக் கத்தியும் இருவரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.