ஒரு விரற்கடை குறைந்தது

டயர் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. பொறுமை இருக்கிற எவனும் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். பாரத்தை இறக்க வேண்டும். வண்டி உருளாதபடி சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியைத் தடித்த பலகைமேல் வைத்து, அச்சுக்கு அடியில் நிறுத்தித் தூக்க வேண்டும். தூக்கிய வண்டிக்குக் கீழே தலை போகக் கூடாது. இவ்வளவுதான். இதைக் காது கொடுத்துக் கேட்க எவனுக்கும் நேரமில்லை என்பதுதான் எனக்கு ஆறு வருஷமாக எரிச்சல்.

என் பெயர் அல்போன்ஸ். சாந்தோம் பங்கைச் சேர்ந்தவன். சாமியார் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்திருக்கிறேன். முதலாளி ஹபீபுர் ரஹ்மானிடம் மீன் லாரி ஓட்டினேன். இந்த ஆறு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

போன வருஷம், முப்பத்து மூன்றில், முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. லாரி மணலிலேயே இறங்கி, கட்டுமரத்திலிருந்து நேராக மீனை ஏற்றினால் கூலியும் நேரமும் மிச்சமாம். யாரோ கழித்துப்போட்ட பெரிய சக்கரங்களை வாங்கி மாட்டினார். அச்சுக்கு மேலே வில்பட்டைகளை அடுக்கி வண்டியையும் உயர்த்தினார். பொய்க்கால் கட்டிய மாடு போல நின்றது வண்டி. மணலில் இறங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பழைய ஜாக்கி பழைய உயரத்துக்குத்தான் எழும்பும். "ஜாக்கி எட்டாது முதலாளி, புதுசு வாங்கணும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதின சங்குதான். ஒவ்வொரு பஞ்சருக்கும் நான் பாரம் இறக்கி, பலகை அடுக்கி, கல் தேடி வைத்து முடிக்க முக்கால் மணி ஆகும்.

"அல்போன்சு டயர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள மீனு கருவாடாய்டும்" என்று முதலாளி மார்க்கெட்டில் எல்லார் எதிரிலும் சொன்னார். அன்று முதல் மயிலாப்பூர் மார்க்கெட்டில் என் பெயர் கருவாடு. கோயில் வாசலில்கூட ஒருவன் அப்படிக் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற என் மனைவி ஆனி தலை குனிந்துகொண்டாள்.

பக்கிரியைப் பற்றிக் கேட்டீர்கள். லாரியில் எனக்கு எடுபிடியாக வந்த குப்பத்துப் பிள்ளை, நல்லவன். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வஞ்சிரம் வந்தால் ஒரு துண்டு என் வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க மாட்டான். ஆனால் அவனுக்கு எல்லாமே கட்டுமரம். மரம் மணலில் சிக்கினால் குப்பத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்? அடியில் புகுந்து தோள் கொடுப்பார்கள். அதையே லாரிக்கும் செய்தான். ஜாக்கி எட்டாத அந்த ஒரு விரற்கடைக்கு அச்சின் அடியில் முதுகைக் கொடுத்து எக்குவான். இன்னொருவன் சக்கரத்தை உள்ளே தள்ள வேண்டும். கால் மணியில் வேலை முடிந்துவிடும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

ஆடி மாதம் முதலாளி ஸ்டீயரிங்கை அவனிடம் கொடுத்தார். எனக்கு இடப்பக்க இருக்கை. கல் வைப்பது என் வேலை. ஆறு வருஷம் ஓட்டின வண்டியில் கல் வைக்கிற வேலை, ஐயா. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஆனாலும் கல்லை ஒழுங்காகத்தான் வைத்தேன்.

சம்பவத்தன்று ஊரூர் குப்பத்தில் பதினெட்டுக் கூடை ஏற்றிக்கொண்டு வந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும். அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால், ஆற்றைப் பார்த்து இறங்குகிற சரிவில் பின்சக்கரம் போயிற்று. இருபுறமும் தோப்பு. ஆள் நடமாட்டம் இல்லை. கை பிரேக் பேருக்குத்தான் இருந்தது. முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். கூடைகளை இறக்கலாம் என்றேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு நைனா? நான் கீறன்ல" என்றான் பக்கிரி. நாலு செங்கல்லை அடுக்கி, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினான். பலகை போடு என்றேன். சிரித்தான். "நீ பலகை தேடிக்கினு வர்றதுக்குள்ள மீனு மெய்யாலுமே கருவாடாய்டும்" என்றான். அதுவரை அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை.

ஓட்டைச் சக்கரத்தைக் கழற்றினான். காற்றடித்த சக்கரம் ஏறவில்லை, அதே ஒரு விரற்கடை குறைந்தது. உள்ளே புகுந்து அச்சுக்கு முதுகைக் கொடுத்தான். "தள்ளு நைனா" என்றான்.

நான் சக்கரத்தைத் தள்ளவில்லை. முன்பக்கம் போய்க் கல்லை எடுத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்வது? கல் இருக்கும்வரை கல் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை தெரியட்டும் என்று நினைத்தேன். வண்டி ஒரு சாண்தான் நகர்ந்தது. செங்கல் சரிந்தது, ஜாக்கி சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பக்கிரி உயிரோடுதான் இருந்தான். "நைனா, தூக்கு, மூச்சு முட்டுது" என்றான். நான் ஓடவில்லை. ஓடினால் தப்பு நடக்கும். முதலில் கல்லைத் திரும்ப வைத்தேன். பின்பக்கத்துக்கு இன்னொரு கல் வேண்டியிருந்தது. ஆற்றோரம் போய்த் தேடி எடுத்து வந்தேன். பிறகு கூடைகளை இறக்கினேன், பதினெட்டையும். ஒன்றும் சிந்தவில்லை.

அந்த வழியாக மாட்டுவண்டியில் மண்ணாங்கட்டி என்பவர் வந்தார். அவர்தான் உங்களிடம் முதலில் சாட்சி சொன்னவர். நுகத்தடியை அவிழ்த்து நெம்பலாம் என்று துடித்தார். நெம்பினால் வண்டி இன்னொரு பக்கம் சாயும் என்று தடுத்துவிட்டேன். "ஆளு போய்க்கினு கீறான், நீ இன்னாய்யா கூடை அடுக்கிக்கினு கீறே!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். முறை தெரியாதவர், அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையை விலக்கிவிட்டு, பலகையை எடுத்து மண்ணைச் சமப்படுத்திப் போட்டேன். ஜாக்கியை அச்சுக்கு நேராக நிறுத்தி, ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினேன். வண்டி அசையாமல் எழுந்தது. ஆறு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் தூக்கினதே இல்லை.

வெளியே இழுத்தபோது பக்கிரி பேசவில்லை. கால் மணி முன்னதாக எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்? கல்லை எடுத்தது நான், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அவனை வெளியே எடுத்ததில் என் பேரில் ஒரு குற்றமும் எழுதாதீர்கள், ஐயா. நான் மட்டும் அன்று அவசரப்பட்டிருந்தால், பக்கிரிக்கு ஏதாவது ஆகியிருக்கும்.