நாலாவது கட்டம்

இல்லம்மா, மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். வெறும் சப்பாத்துப் பெட்டிதான், ஷூ வாங்கினப்ப வந்தது. ஆட்டினா உள்ள நூல் சிக்கிக்கும், அதான்.

இது காலிங் பெல்லுமா. சிரிக்காதீங்க. சத்தமே போடாத பெல். வெளிய இந்த நூல இழுத்தா உள்ள காகிதக் கொக்கு தலையாட்டும். என் கிளாஸ் பிள்ள செஞ்சது. தாமரை, பத்து வயசு. அவ அம்மாவுக்குக் கிடங்குல நைட் ஷிப்ட், பகல்லதான் தூங்கும். கதவத் தட்டினா முழிச்சிடும்ல? கொக்கு ஆடினா இவ மட்டும் பாத்துட்டுப் போய்த் தொறப்பா. அதுக்காக யோசிச்சிருக்கா.

ஆமா, டீச்சர்தான் லா. வீடு பிரிக்பீல்ட்ஸ், ஸ்கூல் கிள்ளான். இருபத்திரெண்டு வருஷமா இதே ட்ரெய்ன். இன்னைக்கு ஸ்கூல் இல்ல, அவ வீட்டுக்குப் போறேன். கிள்ளான் தாண்டி எறங்கணும், தெலுக் காடோங்.

முன்னல்லாம் கலைப் பாடம்னா நான் போர்டுல ஒரு மீன் வரைவேன், முப்பது பேரும் அதே மீன வரைவாங்க. வாலு கூட ஒரே பக்கம். போன வருஷம் ஒரு கோர்ஸ் வச்சாங்க. பிள்ளைங்க புதுசா ஒண்ணு செய்யணும்னா மொதல்ல கைய அடக்கி யோசிக்கத் தெரியணுமாம், சரியா வரலன்னா மனச மாத்திக்கத் தெரியணுமாம், அதையும் நாமதான் பழக்கணுமாம். பாதி கோர்ஸ் தூங்கிட்டேன், ஆனா இது மட்டும் மண்டையில ஏறிச்சு. நோட்டுல நாலு கட்டம் போடச் சொன்னேன். என்ன செய்யப் போறேன், எத மொதல்ல, எங்க கோளாறு வரும், வந்தா என்ன செய்வேன். அவ்ளோதான்.

தாமரை நாலாவது கட்டத்துல எப்பவும் ஒண்ணுதான் எழுதுவா. டீச்சர்கிட்ட கேப்பேன். நான் செவப்புப் பேனாவால அடிச்சு விடுவேன். அது பிளான் இல்லடி, நீயே வழி கண்டுபிடின்னு. கண்டுபிடிச்சா! ஆறு வாட்டி நூல் அறுந்துச்சு. தையல் நூல், பட்டத்து நூல், கடைசியா யார்கிட்டயோ வாங்குன தூண்டில் நூல். ஒரு வாட்டி கூட அழல. கட்டத்துல எழுதிட்டு மறுபடி ஆரம்பிச்சா. எனக்குத் தலகால் புரியல. மாவட்டப் போட்டிக்கு அனுப்பிட்டேன்.

பரிசா? இல்லம்மா.

அந்தப் பிள்ளைக்குப் பெர்த் சர்டிபிகேட் இல்ல. அப்பா அம்மா கல்யாணத்தப் பதியல, அப்பன் எங்கயோ போய்ட்டான், நாளைக்கு நாளைக்குன்னு விட்டாச்சு. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மனசு வச்சு, மேலிடத்துக்குக் காட்டாம, பின் பெஞ்சில உட்கார வச்சிருந்தாங்க. டீச்சருங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தொறக்க மாட்டோம். போட்டி பாரத்துல ஐசி நம்பர், அடையாள அட்டை நம்பர், கேட்டிருந்துச்சு; சர்டிபிகேட் இல்லாம அது ஏது? வேற பிள்ள பேர்ல அனுப்பிடுன்னுதான் மத்தவங்க சொன்னாங்க. அவ செஞ்சத இன்னொருத்தி பேர்லயா? எனக்கு ரோஷம். தாமரை பேரையே எழுதி, நம்பர் இடத்த வெறுமனே விட்டு, நானே கையெழுத்துப் போட்டேன். கைய அடக்கி யோசின்னு சொல்லிக் கொடுத்தவதான்.

ரெண்டு வாரத்துல கல்வி ஆபீஸ்லருந்து கேள்வி வந்துச்சு. ஹெட்மிஸ்ட்ரஸால ஒண்ணும் பண்ண முடியல. பெட்டி மட்டும் திரும்பி வந்துச்சு, பிள்ளய ஸ்கூல விட்டு அனுப்பிட்டோம். சர்டிபிகேட்டுக்கு மனு போட்டிருக்காங்க. சில பேருக்குப் பதில் வர்றதுக்குள்ள மீசையே மொளச்சிடுது.

கடைசி நாள் பைய மாட்டிட்டு எம்முன்னாடி வந்து நின்னா. டீச்சர், இதுக்கு நாலாவது கட்டத்துல என்ன எழுதட்டும்னா. சனிக்கிழம வீட்டுக்கு வந்து சொல்றேன்னேன்.

என்னது, தெலுக் காடோங் தாண்டிடுச்சா? தெரியும்மா. கதவு தொறந்தப்ப பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இதோட மூணு சனிக்கிழம ஆச்சு. போர்ட் கிள்ளான் வரைக்கும் போய்ட்டு இதே ட்ரெய்ன்ல திரும்பிடுவேன். நீங்க எறங்குங்க, கடைசி ஸ்டேஷன். பாத்து போங்க, நூலு உங்க பையில மாட்டிக்கப் போவுது.