லண்டன் தாளின் அரை மணி

1981ஆம் ஆண்டு பினாங்கில் எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதரை மணி நேரம்தான் இருந்தது. டிசம்பர் கடைசி இரவு பதினொன்றரைக்கே அரசாங்கம் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தது. நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான்.

தவமணி அக்கா, நேற்று நீங்கள் அலுவலகத்துக்கு வந்து, "அந்த அரை மணிதானே என் தம்பியக் கொன்னுச்சு?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

பீச் ஸ்ட்ரீட்டில் முத்துவீரப்பன் ஐயாவின் ரப்பர் தரகு அலுவலகத்தில் விலைப்படம் வரைவது என் வேலை. பௌதிகம் படித்தவளுக்கு அது கஷ்டமில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு. கோட்டின் உச்சி அந்த மணியின் அதிக விலை, அடி குறைந்த விலை. லண்டன் விலைக்கு ஒரு தாள், நம் ஊர் விலைக்கு ஒரு தாள். இரண்டிலும் நம் ஊர் நேரத்தைத்தான் போடுவேன்.

புத்தாண்டு விடுமுறையில் போன வருடத் தாள்களைப் புது நேரத்துக்கு மாற்றி வரையச் சொன்னார் ஐயா. நம் ஊர்த் தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் அரை மணி கூட்டினேன். லண்டன் தாளிலும் கூட்டியிருக்க வேண்டும். லண்டன் நமக்குப் பிந்திய ஊர் என்ற நினைப்பில் அரை மணி கழித்துவிட்டேன். இரண்டு தாளுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விழுந்தது.

உங்கள் தம்பி ஆனந்தராஜா எங்களுக்காகத் தொலைபேசியில் வாங்கி விற்பவர். திங்கட்கிழமை இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். லண்டனில் விலை ஏறி ஒரு மணி நேரம் கழித்து இங்கே ஏறியது. வருடம் முழுக்க அப்படித்தான்.

"சயின்டிஸ்ட்டம்மா, இங்க வாங்கலா. லண்டன்காரன் நமக்கு ஜோசியம் சொல்றான்."

"எந்த ஜோசியக்காரன், தம்பி, பங்களாவுல இருக்கான்?" என்றார் ஐயா.

உங்கள் தம்பி சிரித்தார். என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை.

அன்று மாலையே தவறைக் கண்டுபிடித்துவிட்டேன். உண்மையில் இரண்டு ஊரிலும் விலை ஒரே மணியில்தான் அசைந்திருந்தது. திருத்த ஒரு நாள் போதும். திருத்தினால் அவர் வந்து பார்க்க அந்தத் தாளில் ஒன்றும் இருக்காது.

மறுநாளும் வந்தார். பிறகு தினமும் மாலையில், பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். கடிகாரத்தை மாற்றியதால் வெளிச்சம் அரை மணி கூடுதலாக இருந்தது. அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

புது வருடக் கோடுகளை நான் சரியாகத்தான் வரைந்தேன். அவற்றில் அந்த ஒரு மணி நேரம் இல்லை. அதை நம்பித் தன் சொந்தக் காசில் வாங்கியதில் எல்லாம் அவருக்கு நட்டம்.

"புது மணியில எல்லாரும் குழம்பிப்போய் இருக்கானுங்க. கொஞ்ச நாள்ல பழையபடி வந்துரும்லா" என்பார்.

நட்டம் கூடக் கூட அதிக நேரம் உட்கார்ந்தார். பழைய தாள்களையே திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜன்னலில் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார், மறுமுனையை நான்.

பிப்ரவரியில் டத்தோ கிராமாட் சாலை வீட்டை அடகு வைத்தார். உங்கள் அப்பா அவர் பெயரில் விட்டுப்போன வீடு, நீங்கள் குடியிருக்கும் வீடு. மார்ச்சில் பட்டர்வொர்த் படகில் ஏறியவர் அக்கரையில் இறங்கவில்லை.

காரியத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். "என் தம்பி நம்புனது உன் ஒருத்தியத்தான்" என்றீர்கள்.

நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இத்தனை நாளும் எனக்கே இப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். தூக்கமும் வந்தது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய காலையில் உங்கள் தம்பி என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"செல்வநாயகி, அந்த லண்டன் தாள்ல மணியெல்லாம் சரியா போட்டிருக்கீங்கதானே?"

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சரியாத்தான் இருக்கு" என்றேன். "சாயங்காலம் வருவீங்கல்ல?"