செல்வதாஸ் அண்ணனின் நல்ல ரிப்போர்ட்

ஸ்கேனுக்கு வருகிறவர்களின் வயிற்றில் தடவும் ஜெல் பாட்டிலை நான் வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பேன், சார். குளிர்ந்த ஜெல் பட்டால் மனுஷர் திடுக்கிடுவார்கள். குலசேகரத்தில் எங்கள் சென்டரில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. டாக்டர் சொல்வதை டைப் செய்து, ரிப்போர்ட்டை அவரவர் கையில் கொடுப்பதுதான் என் வேலை.

செல்வதாஸ் அண்ணன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மனைவி தேவகனி அக்கா கொடுத்த கிட்னியோடு ஒரு வருஷமாக நடமாடினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.

"ஏட்டி, ஒனக்க கிட்னி எனக்க வயித்துக்குள்ள கிடந்தும் அடங்கல்லியே" என்பார்.

"அதுக்கு வாய் இருந்துதெண்ணா, நீங்க ஒளிச்சுத் தின்ன கருவாட்டை டாக்டருட்ட சொல்லிரும்" என்பார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் டைப் செய்யச் சொன்னது இது: புதுக் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, உடனே திருவனந்தபுரம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில், விளைச்சலைக் காணிக்கை வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை. கர்த்தர் தனக்குச் சுகம் தந்ததை அண்ணன் சபை முன்னால் சாட்சி சொல்ல இருந்தார். ஒரு மாதமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். இரண்டு நாளில் என்ன வந்துவிடும் என்று, எல்லாம் நன்றாக இருந்த பழைய ரிப்போர்ட்டில் தேதியை மட்டும் மாற்றி, கையெழுத்துக்குப் போகும் மற்றவற்றோடு வைத்தேன். டாக்டர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்துச் சாட்சி சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. திங்களன்று, பண்டிகை ஏலத்தில் எடுத்த ஏத்தன் வாழைக்குலையைச் சுமந்துவந்து என் மேஜையில் வைத்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

டாக்டர் சொன்னபடி டைப் செய்திருந்த சரியான ரிப்போர்ட்டை என் வேதபுத்தகத்துக்குள் வைத்து, தினமும் அதன்மேல் கைவைத்து ஜெபித்தேன். பதினெட்டு நாள். அண்ணனுக்குக் கால் வீங்கியது. ரிப்போர்ட் நல்லதாயிற்றே என்று அக்கா கருவாட்டைத்தான் திட்டினார். அண்ணன் கருவாட்டை அடியோடு நிறுத்திவிட்டு, வீக்கம் வடியும் என்று காத்திருந்தார். பத்தொன்பதாம் நாள் கிட்னி நின்றுபோனது.

இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இன்னொன்று கொடுக்க அக்காவால் முடியாது. ஊரார் டாக்டரைப் பழிக்கிறார்கள். டாக்டர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்தான். உங்கள் விசாரணைக்கு அப்படியே எழுதித் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். போன வாரம் டயாலிசிஸ் முடிந்து வந்த அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். "நீ ஒருத்திதான் மக்கா எனக்கு நல்ல வார்த்தை சொன்னவ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். கிறிஸ்மஸ் கழியட்டும்.